தரைக்கு அடியில் கசியும் வெந்நீர்க் குழாய்: வேறு பாதையில் மாற்றலாமா?

கேள்வி:
பழைய வீடு, வெந்நீர் லைன் முழுக்க ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய், தரைக்கு அடியில் போகிறது. ஒரு கசிவை அடைத்தால் கொஞ்ச நாளில் வேறு இடத்தில் ஈரம் தெரிகிறது. தரையை உடைக்காமல், பழைய லைனை அப்படியே விட்டுவிட்டுச் சுவர் மேல் புதிதாக இழுக்கலாமா? எந்தக் குழாய் தாங்கும்?

பதில் 1:
தாராளமாக இழுங்கள். ஜிஐ உள்ளிருந்தே துருப்பிடிக்கும், வெந்நீரில் இன்னும் வேகமாக, அதனால் இனி ஒட்டுப்போடுவது வீண் செலவுதான். புதிதாகச் சிபிவிசி (சூடு தாங்கும் பிளாஸ்டிக்) குழாய் போடுங்கள், 93 டிகிரி வரை தாங்கும். சாதாரண பிவிசி 60 டிகிரிக்கு மேல் இளகிவிடும், தயவுசெய்து வேண்டாம். பழைய லைனை இரண்டு முனையிலும் துண்டித்து மூடி போட மறக்காதீர்கள்.

பதில் 2:
அவர் சொன்னது சரி. ஆனால் சிபிவிசி சூட்டில் நன்றாகவே நீளும், 10 மீட்டர் குழாய் 40 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் சுமார் இரண்டரை சென்டிமீட்டர். கிளாம்பை இறுக்காமல், நீளமான ஓட்டத்தில் ஒரு வளைவு விடச் சொல்லுங்கள்.

கேட்டவர்:
நன்றி. மேல் வழியாகச் சுற்றிப் போனால் வெந்நீர் வரத் தாமதமாகுமா?

பதில் 2:
நீளம் கூடினால் ஆகும். ஹீட்டரிலிருந்து குறுகிய பாதையாகப் பார்த்து எடுங்கள், குழாய்க்கு இன்சுலேஷன் உறையும் போடுங்கள். அப்புறம், குழாய் இணைப்புகளில் போட்ட பசை நன்றாகக் காய்ந்து அழுத்தச் சோதனை முடியும்வரை எதையும் பூசி மூட விடாதீர்கள்.