இந்தோனேசியா 1965: மலாய் தெரிந்தவர்கள் உதவ முடியுமா?

வணக்கம் நண்பர்களே. 1965-66ல் இந்தோனேசியாவில் கம்யூனிஸ்டுகளை ஒழிப்பதாகச் சொல்லி நடந்த படுகொலைகளைப் பற்றி நாங்கள் சிலர் சேர்ந்து படித்து வருகிறோம். குறைந்தது ஐந்து லட்சம் பேர் கொல்லப்பட்டதாக ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். கட்சிக்காரர்கள் மட்டுமல்ல, நிலம் கேட்ட விவசாயிகள், தொழிற்சங்கத்தினர், ஆசிரியர்கள், கெர்வானி என்ற பெண்கள் அமைப்பில் இருந்தவர்கள் எனப் பலரும் பலியானார்கள். ராணுவத்தின் துணையோடு உள்ளூர் இளைஞர் கும்பல்களும் இதைச் செய்தன.

உயிர் பிழைத்தவர்கள் பட்ட பாடுதான் என்னை ரொம்பவே உலுக்குகிறது. ஆயிரக்கணக்கானோரை விசாரணையே இல்லாமல் புரு தீவில் வருடக்கணக்காக அடைத்து வைத்தார்கள். வெளியே வந்த பிறகும் அடையாள அட்டையில் 'ஈ.டி.' என்ற குறி, அதாவது முன்னாள் அரசியல் கைதி. அது இருந்தால் அரசு வேலை கிடையாது. பிள்ளைகளையும் அந்தக் கறை விடவில்லை. 2023ல் அப்போதைய அதிபர் ஜோகோ விடோடோ வருத்தம் தெரிவித்தார். மன்னிப்பு கேட்கவில்லை.

சரி, எங்களுக்கு வேண்டிய உதவி இதுதான். பிழைத்தவர்களின் வாக்குமூலங்கள் பெரும்பாலும் இந்தோனேசிய மொழியில்தான் இருக்கின்றன. மலேசியா, சிங்கப்பூர் நண்பர்களே, மலாய் தெரிந்தால் இந்தோனேசிய மொழி ஓரளவு பிடிபடும். வாரம் இரண்டு பக்கம் படித்து, தமிழில் வாய்மொழியாகச் சொன்னால்கூடப் போதும், நாங்கள் எழுதிக்கொள்கிறோம். அப்புறம், அந்தக் காலத்துத் தமிழ்ப் பத்திரிகைகள் இதைப் பற்றி எழுதிய செய்தியோ தலையங்கமோ யாரிடமாவது இருந்தால், தேதி தெரிகிற மாதிரி படமெடுத்து இங்கேயே போடுங்கள்.