மறு: நுண்ணணிப் படத்தில் 'ஸ்பாட்': புள்ளியா, பொட்டா?

அன்புள்ள குழுமத்தாருக்கு வணக்கம்.

டி.என்.ஏ. நுண்ணணியை (மைக்ரோஅரே, அதாவது பல மரபணுக்களை ஒருங்கே அளக்க டி.என்.ஏ. துளிகளை வரிசையாக இட்ட தகடு) வருடிப் படிக்கும் பாடத்தை வரும் வெள்ளிக்கிழமை அச்சுக்கு அனுப்ப வேண்டும் என்று பேராசிரியர் அம்மா எழுதி ஒன்பது நாளாகிறது. 'நுண்ணணி'யை எல்லோரும் ஏற்றுக்கொண்டோம். சிக்னலுக்கு வைத்த 'குறிகை'க்கும் பெரிய எதிர்ப்பு எழவில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் வரிசையாக அமைந்த ஒவ்வொரு ஸ்பாட்டையும் என்னவென்று அழைப்பது என்பதில்தான் இத்தனை மடல்களும் செலவாகியுள்ளன.

மதுரையிலிருந்து எழுதும் ஐயா 'புள்ளி' என்கிறார். "மெய்யின் இயற்கை புள்ளியொடு நிலையல்" என்று தொல்காப்பியம் வழங்கிய சொல் இருக்க வேறு எதற்கு என்பது அவர் கேள்வி. அந்த நூற்பாவே என் பக்கம் பேசுகிறது என்பதைப் பணிவுடன் சொல்கிறேன். எழுத்தின் மேல் புள்ளி இருக்கிறதா இல்லையா என்பதே அங்கு வேண்டப்படுவது; அதன் அகலத்தை எந்த உரையாசிரியரும் அளக்கப் போவதில்லை. வடிவியலிலும் புள்ளிக்கு நீள அகலம் கிடையாது. நம் பாடத்தில் வருவதோ ஏறத்தாழ 100 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள ஒரு பரப்பு. வருடி (ஸ்கேனர்) 10 மைக்ரோமீட்டர் நுணுக்கத்தில் படித்தால் அதற்குள் எண்பதுக்குச் சற்றுக் குறைவான பிக்சல்களும், 5 மைக்ரோமீட்டரில் படித்தால் முந்நூறுக்கு மேற்பட்ட பிக்சல்களும் அடங்கும். பிக்சலுக்கு நம்மில் பலர் ஏற்கெனவே 'படப்புள்ளி' என்று எழுதுகிறோம். "ஒரு புள்ளியில் முந்நூறு படப்புள்ளிகள்" என்ற தொடரை இரண்டாம் ஆண்டு மாணவர் முன் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே 'பொட்டு' என்கிறேன். 1995-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் அராபிடாப்சிஸ் செடியின் 45 மரபணுக்களை ஆய்ந்து வெளியிட்ட கட்டுரையில், டி.என்.ஏ. கரைசலை இயந்திரக் கை கண்ணாடியின் மேல் அச்சிட்டுக்கொண்டே போனது. ஊசிமுனையைக் கரைசலில் தோய்த்துத் தொட்டு வைக்கும் அந்தச் செயலுக்குப் 'பொட்டிடுதல்' என்னும் வினை நம் வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறது. துளி காயும்போது கரைபொருள் ஓரத்தில் ஒதுங்கி நடு வெளிறிப்போவதும் உண்டு. சாந்துப் பொட்டு காய்வதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இலக்கணமும் இடம் தருகிறது. பொட்டு வன்றொடர்க் குற்றியலுகரம். வல்லினம் வந்தால் 'பொட்டுப் பரப்பு' என மிகும். உயிர் வந்தால் உகரம் கெட்டு 'பொட்டெல்லை', 'பொட்டொளி' எனக் கச்சிதமாக ஒட்டும். புள்ளியோடு உயிரைச் சேர்த்தால் ஒவ்வோரிடத்திலும் உடம்படுமெய் நுழைந்து சொல்லை நீட்டிவிடும்.

யாழ்ப்பாணத்து நண்பர் எழுப்பிய தடை என்னை ஒரு நாள் முழுவதும் யோசிக்க வைத்தது. அவர்கள் ஊரில் பொட்டு என்றால் வேலியில் ஆள் நுழையும் இடைவெளியும் ஆகும். ஒளிரும் இடத்திற்குத் துளையின் பெயரா என்று கேட்கிறார். பொள், பொள்ளல், பொத்து, பொட்டு எல்லாம் ஒரே வேர் என்று இன்னொருவர் மூன்று மடல்களில் நிறுவ முயன்றார். வேர் எதுவாயினும், படத்தைக் காட்டி நடத்தும் வகுப்பில் வேலியின் நினைவு வராது என்று நம்புகிறேன். அஃபிமெட்ரிக்ஸ் என்னும் வணிகப்பெயருடைய நுண்ணணிச் சில்லில் துளி இடுவதில்லையே, ஒளியின் உதவியால் டி.என்.ஏ.வைச் சதுரம் சதுரமாக அல்லவா கட்டுகிறார்கள் என்ற தடையும் சரியானதே. அங்கு 'கட்டம்' என்று எழுதலாம்.

பெயரைவிடப் பெரிய சிக்கல் பாடத்தின் அடுத்த பத்தியில் இருக்கிறது. 532 நானோமீட்டர் பச்சை லேசரும் 635 நானோமீட்டர் சிவப்பு லேசரும் ஒப்பிடும் இரு மாதிரிகளில் ஒவ்வொன்றாக ஏற்றிய சை3, சை5 சாயங்களைத் தூண்ட, எழும் ஒளிர்வைக் கருவி 0 முதல் 65,535 வரையான எண்களாகப் பதிகிறது. பொட்டுக்கு வெளியிலும் சிறிது ஒளி இருக்கும். அதைப் 'பின்னணி' என்று எழுதினால் மாணவர் அதைக் கழிக்க வேண்டிய எண்ணாகக் கருதாமல் வெறும் திரைச்சீலையாக நினைத்துவிடுவர். நான் 'சூழொளி' என்கிறேன். சிவப்பில் 1,200, பச்சையில் 700, இரண்டிலும் சூழொளி 200 என்று கொள்வோம். கழிக்காமல் வகுத்தால் விகிதம் ஏறத்தாழ 1.71, கழித்து வகுத்தால் 1,000-க்கு 500, அதாவது சரியாக 2, இரண்டை அடிமானமாகக் கொண்ட மடக்கை 1. மரபணுவின் வெளிப்பாடு இரு மடங்கானதா என்ற முடிவே அந்த 200-ஐச் சார்ந்து நிற்கிறது. அதன் பெயர் 'பொட்டொளி'க்கு இணையாகக் காதில் விழ வேண்டும் என்பதே என் ஆசை.

ஆய்வகத்தில் பணிபுரியும் அம்மையார் நேற்று எழுதிய மறுப்புக்கு என்னிடம் முழுமையான விடை இல்லை. கழிக்கப்படும் அளவில் ஒளி மட்டுமா இருக்கிறது, இருட்டிலும் ஒளிப்பெருக்கிக் குழாயில் ஓடும் மின்னோட்டமும் சேர்ந்திருக்கிறதே என்கிறார். பொட்டுக்கு அடியில் தவறாக ஒட்டிய சாயத்தை அதைச் சுற்றியுள்ள இடத்தின் அளவைக் கொண்டு ஊகிக்கத்தானே முடிகிறது என்றும் கேட்கிறார். சூழல் பொட்டைவிடப் பிரகாசமாகிக் கழித்தல் எதிர்க்குறியில் முடியும் இடங்களில் மடக்கையே எடுக்க முடியாது என்பதையும் நினைவூட்டினார். மூன்றும் உண்மை. இருந்தாலும், பாடத்தில் உள்ள முறை பொட்டைச் சூழ்ந்த பிக்சல்களின் இடைநிலை அளவையே எடுப்பதால், அளக்கும் இடத்தை வைத்துப் பெயரிட்டேன். குழாயின் மின்னோட்டத்தை 'இருள் மின்னோட்டம்' என்று தனியாகச் சொல்லிவிடலாம்.

"ஸ்பாட் என்றே விடுங்கள், பிள்ளைகள் அப்படித்தான் பேசுகிறார்கள்" என்பவர்களுக்காக முதல் இடத்தில் மட்டும் 'பொட்டு, அதாவது ஸ்பாட்' என்று எழுத உடன்படுகிறேன். பெரும்பாலோர் பொட்டுக்கு இசைந்துவிட்டதாகத் தெரிகிறது. மதுரை ஐயா இசையவில்லை, அவர் மறுப்பு அடிக்குறிப்பில் இடம்பெறட்டும். சூழொளிக்கு எதிராக அம்மையார் வேறு சொல் தருவாரானால், வியாழன் மாலைக்குள் வந்தால் பேராசிரியர் அம்மாவால் மாற்ற இயலும்.

அன்புடன்,
பொட்டை முன்மொழிந்தவன்