வைட்சேப்பல்: அவ்வளவு கோரம் தேவைதானா?

தாமரை:
2009இல் பிரிட்டனின் ஐடிவி சேனலில் வந்த 'வைட்சேப்பல்' துப்பறியும் தொடரின் முதல் சீசனை நேற்றுதான் முடித்தேன். மூன்றே எபிசோட். 1888இல் ஜாக் தி ரிப்பர் என்று பேர் வாங்கிய, கடைசிவரை பிடிபடாத கொலைகாரன் செய்த கொலைகளை லண்டனின் அதே பகுதியில் இன்று ஒருவன் அச்சு அசலாகத் திரும்பச் செய்கிறான். விறுவிறுப்பு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அன்று ரிப்பரிடம் பலியான மேரி ஆன் நிக்கோல்ஸ், ஆனி சாப்மேன் இருவரும் கற்பனைப் பாத்திரங்கள் இல்லை. இரவுக் கூலி விடுதியில் படுக்கக் காசில்லாமல் தெருவுக்கு வந்த பெண்கள். அவர்கள் உடம்பில் விழுந்த வெட்டுகளை ஒரு புதிராக்கி நம் முன்னால் வைப்பது எனக்கு உறுத்துகிறது.

ரமணன்:
தாமரை, இதை நான் ஏற்க மாட்டேன். அந்தத் தொடரின் பயம் ரத்தத்தில் இல்லை, காலண்டரில் இருக்கிறது. 1888 செப்டம்பர் 30 அன்று ஒரே இரவில் இரண்டு பெண்கள் கொல்லப்பட்டார்கள். அது தொடரில் இந்த வழக்கை விசாரிக்கும் இன்ஸ்பெக்டர் சாண்ட்லருக்குத் தெரியும். நாள் தெரியும், ஆள் தெரியாது. மேஜையில் பேனா கோணலாக இருந்தால்கூடத் தாங்காத மனிதர், நெற்றிப்பொட்டில் டைகர் பாமைத் தேய்த்துக்கொண்டு நிற்கிறார். அவருக்குக் கீழே வேலை செய்யும், பழுத்த அனுபவசாலியான சார்ஜென்ட் மைல்ஸ் முதலில் அவரை மதிப்பதே இல்லை. இருவருக்கும் நடுவில் மெல்ல வளரும் நம்பிக்கைதான் எனக்குக் கதை. கொலை அதற்கு ஒரு சாக்கு.

தாமரை:
சாக்கு என்கிறீர்களே, என் வருத்தமே அதுதான்.

வேலூர்க்காரன்:
குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். முதல் சீசனுக்கு ரமணன் சொல்வது பொருந்தும். 2010இல் வந்த இரண்டாவது சீசன், லண்டனின் பழைய தாதாக்களான க்ரே சகோதரர்கள் கதை, அதுவும் பரவாயில்லை. 2012இல் 1811ஆம் ஆண்டு கிழக்கு லண்டனில் நடந்த ராட்க்ளிஃப் ஹைவே கொலைகளை எடுத்தார்கள். அப்புறம் 2013இல் முகத்தோலை உரிப்பது வரை போய்விட்டது. பேய், சாத்தான் வாடையும் சேர்ந்துகொண்டது. பழைய வழக்கைக் கிளறித் துப்புத் தேடும் அழகு அங்கே தொலைந்துபோனது.

ரமணன்:
கடைசி சீசனை நானும் தாங்கிப் பேச மாட்டேன். ஆனால் புக்கனை மறந்துவிட்டீர்களே! ரிப்பர் கொலை நடந்த இடங்களைக் காசு வாங்கிக்கொண்டு சுற்றிக் காட்டுகிறவர் அவர். கொலையை வேடிக்கையாக்குகிற நம்மைப் போன்றவர்களைத் தொடர் அவர் வழியாகக் கேள்வி கேட்கிறது.

தாமரை:
கேட்கிறது, சரி. ஆனால் அவரையே போலீஸுக்கு வேண்டியவராகவும் ஆக்கிவிடுகிறதே? கிழக்கு லண்டனில் அப்படிப்பட்ட சுற்றுலா இன்றும் நடக்கிறது. நாள் தெரியும் ஆள் தெரியாது என்று நீங்கள் சொன்னது என்னை யோசிக்க வைத்தது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் மேரி ஆன் நிக்கோல்ஸுக்குச் சாகும்போது வயது 43, பிறந்தநாள் முடிந்து ஐந்தே நாள். ஐந்து பிள்ளைகள் பெற்றவர். மூன்று எபிசோட் பார்த்தபோது மனதில் நிற்காத இந்த விவரம், பிறகு தனியாகத் தேடிப் படித்தபோதுதான் கிடைத்தது.