மூன்று வயது ஷிசுவோகா சிங்கிள் மால்ட்: அந்த மாவு வாசனை குறைதானா?

ஹமமாட்சுவாசி:
வேலை நிமித்தம் ஹமமாட்சுவில் இருக்கிறேன். ஷிசுவோகா ரயில் நிலையத்துக்கு அருகே ஒரு பாரில், உள்ளூர் வடிசாலையின் சிங்கிள் மால்ட் விஸ்கிகளான (முளைகட்டிய பார்லியை மட்டும் கொண்டு ஒரே வடிசாலையில் வடித்தவை) ‘புரோலாக் கே’, ‘புரோலாக் டபிள்யூ’ இரண்டையும் 15 மில்லி வீதம் வாங்கி அருகருகே வைத்துக் குடித்தேன். இரண்டுமே மூன்று வயது, 55.5 சதவீத ஆல்கஹால். கே-யில் முற்றாத பேரிக்காயும் எலுமிச்சைத் தோலும். நாக்கில் லேசாக ஓடிச் சட்டென்று மறைந்துவிட்டது. டபிள்யூ வேறு ரகம். ரொட்டியின் கருகிய ஓரம், வறுத்த பார்லி, தொண்டையில் மிளகுக் காரம். ஆனால் இரண்டுக்கும் அடியில் பச்சை மாவு வாசனை. புளித்த மாவுப் பாத்திரத்தைத் திறந்தால் வருமே, அதேதான். பன்னிரண்டு வயது ஜப்பானிய விஸ்கியான யாமசாகி 12-இல் இதை நான் கண்டதே இல்லை. இது வயது போதாத குறையா, வடித்தவர் கைக்குறையா? டபிள்யூ முழுப் புட்டி வாங்கலாமா? “பழகினால் பிடிக்கும்” என்ற பதில் மட்டும் வேண்டாம். கசாயத்துக்கும் அதைத்தான் சொல்கிறார்கள்.

பீப்பாய்ப்பித்தன்:
அது பார்லி ஊறலின், அதாவது வடிப்பதற்காகப் புளிக்கவைத்த கரைசலின் வாசனை. மால்ட் விஸ்கி எதுவானாலும் தானிய வாசனையோடுதான் வாலையிலிருந்து (வடிக்கும் செம்புக் கலனிலிருந்து) இறங்கும். பன்னிரண்டு ஆண்டில் ஓக் மரம் வெனிலாவையும் உலர்பழத்தையும் மேலே பூசிவிடுகிறது. பீப்பாய் தன்னிடம் உள்ளதை வேகமாகக் கொடுத்துவிடும். முரட்டு நெடிகளை வாங்கிக்கொள்வதில்தான் அதற்கு அவசரமே கிடையாது. ஆகவே மூன்று வயதில் வாலையின் கைவண்ணம் அப்பட்டமாகத் தெரியும். அதற்காகவே இதைக் குடிக்க வேண்டும் என்பேன்.

நீங்கள் கண்ட வித்தியாசம் சரியானது. கே-யை வடித்த வாலை முன்பு கருயிசாவா என்ற பழைய ஜப்பானிய வடிசாலையில் இருந்தது. அங்கே 2000-இல் உற்பத்தி நின்றுபோனது. 2015-இல் ஏலத்தில் எடுத்து ஷிசுவோகாவுக்குக் கொண்டுவந்தார்கள். அது நீராவியில் சூடாகிறது. டபிள்யூ-வின் வாலை ஸ்காட்லாந்தின் ஃபோர்சைத்ஸ் நிறுவனம் செய்தது. அதன் அடியில் நிஜமாகவே விறகு எரிகிறது. செம்பின் அடிப்பாகம் அந்தத் தீயில் காயும்போது ஊறல் சற்றுத் தீயும். உங்கள் கருகிய ரொட்டி அங்கிருந்து வருகிறது. நெயில் பாலிஷ் நெடி அடித்திருந்தால் கைக்குறை என்று சொல்லியிருப்பேன்: முதலில் இறங்குவதைச் சரியாக வெட்டி ஒதுக்கவில்லை என்று பொருள்.

தண்ணீர் விட்டீர்களா? 15 மில்லிக்கு 3.5 மில்லி விட்டால் 45 சதவீதத்துக்கு இறங்கும். 2017-இல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் கணினியில் கணக்கிட்டார்கள்: 45 வரை நீர்த்தால், புகை வாசனை தரும் குவாயகால் மேற்பரப்புக்கு வந்து நிற்கிறது, 59-க்கு மேல் உள்ளேயே அமிழ்ந்துவிடுகிறது.

கணக்குப்பிள்ளை:
கைவண்ணம் தெரிகிறது, சரி. அதற்கு எவ்வளவு கொடுப்பது? ‘ஜப்பானிய விஸ்கி’ என்று பெயரிட மூன்றாண்டு வேண்டும் என்பது சட்டமே அல்ல. மதுத் தயாரிப்பாளர் சங்கம் தன் உறுப்பினர்களுக்கு 2021-இல் வகுத்துக்கொண்ட தரம். 2024 ஏப்ரலில்தான் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. உள்நாட்டில் வடித்து, 700 லிட்டருக்கு மிகாத மரப்பீப்பாயில் அங்கேயே மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். அது உள்ளே நுழைவதற்கான குறைந்தபட்சம், அவ்வளவுதான். சிச்சிபு வடிசாலை 2008-இல் வடிக்கத் தொடங்கி, 2011-இல் மூன்று வயது ‘தி ஃபர்ஸ்ட்’ விஸ்கியை 61.8 சதவீதத்தில் இறக்கிப் பெயர் வாங்கியது. அதன் பிறகு வந்தவர்களில் பலர் மூன்று வயது நிறைந்ததும் புட்டியில் அடைத்துவிடுகிறார்கள். புதிய வடிசாலைக்குக் கையில் காசு வேண்டும், புரிகிறது. அவர்கள் காத்திருக்க முடியாததற்கு நான் ஏன் விலை கொடுக்க வேண்டும்?

பீப்பாய்ப்பித்தன்:
நீங்கள் வயதுக்குக் காசு கொடுக்கிறீர்கள், நான் வாலைக்குக் கொடுக்கிறேன். சாதுவான விஸ்கியை முப்பது ஆண்டு பூட்டி வைத்தாலும் மரத்தைத்தான் குடிக்க வேண்டியிருக்கும்.

ஹமமாட்சுவாசி:
அதே பாருக்குப் போய்ச் சொட்டுக்குழாய் கேட்டு வாங்கி, 3.5 மில்லி அளந்துவிட்டேன். பார்க்காரர் சிரிக்காமல் அளவுக்குவளையையும் நீட்டினார். டபிள்யூ நன்றாகத் திறந்துகொண்டது: காரம் தணிந்து, வறுத்த பார்லி இனிக்கத் தொடங்கியது, மாவு வாசனை ஓரத்துக்கு ஒதுங்கியது, போகவில்லை. கே-க்குத் தண்ணீர் ஆகவில்லை; பேரிக்காய் கரைந்து, மாவு முன்னுக்கு வந்துவிட்டது. பித்தன் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். பணத்தைக் கணக்குப்பிள்ளை சொன்னபடி பையிலேயே வைத்துக்கொண்டேன். அங்கே ‘காண்டாக்ட் எஸ்’ இருக்கிறது, இரண்டு வாலையும் கலந்தது. குடித்தவர்கள் யாராவது, அதற்குத் தண்ணீர் எவ்வளவு என்று எழுதுங்கள்.