புத்வாவில் இரவு நேரம்: போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். ஆகஸ்டில் நானும் என் தங்கையும் ஐரோப்பாவில் இருக்கும் மாண்டினீக்ரோ போகிறோம். தங்குவது கோட்டோர் பழைய நகரத்தின் மதிலுக்குள். ஆனால் இரவில் ஆட்டம் பாட்டம் எல்லாம் கடற்கரை ஊரான புத்வாவில்தான். இரண்டுக்கும் நடுவே 20 கிலோமீட்டருக்குச் சற்று மேல். எனக்குக் கவலையே அந்தத் திரும்பி வரும் வழிதான்.

நள்ளிரவு தாண்டி 2 மணிக்கு டாக்ஸி எப்படிப் பிடிப்பது? தெருவில் கை காட்டி ஏறலாமா, இல்லை, விடுதியில் சொல்லி வரவழைப்பதுதான் நல்லதா? மீட்டர் போடுவார்களா, ஏறும் முன்பே யூரோவில் விலை பேசிக்கொள்ள வேண்டுமா? பேசாமல் ஒரு இரவு மட்டும் புத்வாவிலேயே அறை எடுத்துவிடலாமா என்றும் தோன்றுகிறது.

அப்புறம், ராக்கியா. பழத்தில் காய்ச்சும் சாராயம், சாதாரணமாகவே 40 சதவீதத்துக்கு மேல் போகுமாம். அன்பாக ஊற்றிக் கொடுத்தால் மனம் நோகாமல் மறுப்பது எப்படி? தங்கை இப்போதுதான் 21 முடித்திருக்கிறாள். அவள் ஆசையாக ஆட வேண்டும், நான் பயமில்லாமல் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். எங்கள் கிளாஸைக் கையை விட்டு வைக்க மாட்டோம், அவசர எண் 112-ஐ போனில் போட்டுவிட்டோம்.

பெண்களாகப் போய் வந்தவர்கள் சொன்னால் ரொம்ப உதவியாக இருக்கும்.