பழைய இரட்டைக்குழல் துவக்கின் கறளை நீக்கி மீண்டும் கறுப்பேற்றுவது எப்படி?

படுவான்கரை விவசாயி:
வணக்கம். வவுணதீவுப் பக்கம் எங்கள் வயலில் பன்றிக் காவலுக்காக அப்பா அனுமதிப்பத்திரத்துடன் வைத்திருந்த 12 போர் (குழல் விட்ட அளவு) இரட்டைக்குழல் துவக்கு, அவர் காலமான பின்னர் முறைப்படி என் பெயருக்கு மாற்றப்பட்டுள்ளது. குழல்களின் நீலக்கறுப்பு பெரும்பாலும் போய்விட்டது. கை பிடிக்கும் இடத்தில் வெறும் இரும்பும் முனைப் பக்கத்தில் செங்கறளும் தெரிகின்றன. அடியில் உள்ள பர்மிங்ஹாம் சோதனை முத்திரைகளை (குழல் சோதிக்கப்பட்டதைக் காட்டும் அடையாளங்கள்) இன்னும் வாசிக்க முடிகிறது. எமரித் தாளால் தேய்த்துவிட்டுப் போத்தலில் விற்கும், சூடாக்காமலே கறுப்பேற்றும் குளிர்நிலைத் திரவத்தைப் பூசலாமா, அல்லது இயந்திரப் பாகங்களுக்குச் சூடாகக் கறுப்பேற்றும் பட்டறையில் கொடுக்கலாமா?

கல்முனை லேத்துக்காரர்:
பட்டறையில் கொடுக்க வேண்டாம், தம்பி. இரட்டைக்குழலில் இரு குழல்களையும் நடுப்பட்டியையும் ஈயப்பற்று வைத்தே இணைத்திருப்பார்கள். சூடான தொட்டியில் இறக்கினால் அந்தப் பற்று உருகிவிடும். குளிர்நிலைத் திரவம் கீறல்களை மறைக்கப் போதும். முழுக் குழலுக்கும் பூசினால் திட்டுத்திட்டாக நிற்பதோடு, வயலில் தூக்கித் திரிகையில் விரைவில் தேய்ந்தும் போகும்.

பழைய இரும்பு:
லேத்துக்கார அண்ணனின் முடிவு சரி, காரணத்தில் மட்டும் ஒரு திருத்தம். அந்தத் தொட்டி ஏறத்தாழ 140 பாகை செல்சியசில் இருக்கும். ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்று உருகுவதற்கு 183 பாகையாவது வேண்டும். பற்றைக் கெடுப்பது சூடன்று, தொட்டியிலுள்ள கோஸ்டிக் சோடா. அது பற்றை அரிப்பதோடு பட்டிக்கு அடியில் புகுந்து தங்கி, மாதக்கணக்கில் வெளியே கசிந்து, வெளியில் தெரியாமலே உள்ளே கறளைப் பிடிக்க வைக்கும்.

இத்தகைய குழலுக்கு உரியது பழைய மெதுக்கறள் முறைதான். எண்ணெய்ப் பசை முற்றாக நீக்கிய இரும்பில் அதற்கான கரைசலை மெல்லியதாகத் தடவி, ஈரப்பதமான இடத்தில் சீரான செங்கறள் பிடிக்க விட்டு, பின்னர் கொதிநீரில் அமிழ்த்தினால், அந்தச் செங்கறள் கண்முன்னே கறுத்து வெல்வெட்டுப் போல மாறும். மேலே உதிரியாக நிற்பதை எண்ணெயில்லாத மெல்லிய எஃகு நாரால் துடைத்து, நிறம் ஆழமாகும் வரை இதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். கொதிநீர் 100 பாகையைத் தாண்டாததால் பற்றுக்குத் தீங்கில்லை. மட்டக்களப்பின் ஈரக்காற்று வேறு எதற்கு உதவாவிட்டாலும் இதற்கு உதவும்.

எமரித் தாளைப் பற்றித்தான் எனக்குக் கவலை. பள்ளம் விழுந்த இடத்தை மழமழப்பாக்க முனைந்தால் சுற்றியுள்ள இரும்பையெல்லாம் அந்தப் பள்ளத்தின் அளவுக்குத் தேய்க்க வேண்டும். ஏற்கெனவே மெலிந்த குழற்சுவர் இன்னும் மெலியும். சோதனை முத்திரைகள் மங்கினால் துவக்கின் பெறுமதி குறையும். தொடரிலக்கம் மங்கினாலோ அனுமதிப்பத்திரத்துடன் ஒப்பிட்டுப் பார்க்கும் நாளில் பதில் சொல்ல முடியாது. எனவே அவற்றின் அருகே தாளைக் கொண்டுபோகாமல், எண்ணெயில் நனைத்த எஃகு நாரால் கறளை மட்டும் மெதுவாக எடுங்கள். குழலில் அலைபோன்ற வரிக்கோலம் தெரிந்தால் அது தமாஸ்கஸ் குழலாக, அதாவது இரும்பு, எஃகுப் பட்டைகளை முறுக்கிப் பற்றவைத்துச் செய்த பழைய வகைக் குழலாக, இருக்கக்கூடும். அப்படியானால் எதையும் தொடாமல், சுடவும் செய்யாமல், விடயமறிந்தவரிடம் காட்டுங்கள்.

படுவான்கரை விவசாயி:
மிக்க நன்றி ஐயா. வரிக்கோலம் எதுவும் இல்லை. கொதிக்க வைக்க எங்கள் கிணற்றுத் தண்ணீர் போதுமா?

பழைய இரும்பு:
வேண்டாம். வாவிக்கரைக் கிணறுகளில் உப்பும் சுண்ணாம்பும் இருக்கும்; காய்ந்ததும் வெண்புள்ளி விழும். வடிகட்டிய மழைநீர் அல்லது கடையில் வாங்கும் காய்ச்சி வடித்த நீர் நல்லது. குழல்களின் இரு வாய்களையும் இறுக்கமான மரக்கட்டையால் அடைக்க மறக்காதீர்கள். உட்புறம் கறள் பிடித்தால் வெளியழகால் பயனில்லை.

கல்முனை லேத்துக்காரர்:
திருத்தத்துக்கு நன்றி. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். தம்பி நீங்களே செய்யாமல் வேறொருவரிடம் கொடுப்பதாக இருந்தால், 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டத்தை மனத்தில் கொண்டு, அவர் துவக்குத் திருத்துவதற்கு அனுமதி பெற்றவர்தானா என்று கச்சேரியின் (மாவட்டச் செயலகத்தின்) அனுமதிப்பத்திரப் பிரிவில் முதலில் கேட்டுவிடுங்கள். வேலை முடிந்த பின்னர் துவக்கைத் துணி உறையிலோ தோல் உறையிலோ போட்டு வைக்க வேண்டாம். மாரி காலத்தில் அந்த உறையே ஈரத்தைப் பிடித்து வைக்கும். எண்ணெய் தடவி, காற்றோட்டமுள்ள பூட்டிய பெட்டியில் வையுங்கள்.