சிறையில் பத்தாம் வகுப்பு ஆங்கிலம்: ஒரு விலாசச் சிக்கல்

கோத்தகிரிக்காரன்:
வாரம் ஒருமுறை மேட்டுப்பாளையம் இறங்கி, கோவை மத்திய சிறையில் தனித்தேர்வர்களுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். (ஸ்வெட்டரோடு கிளம்பி, கீழே வேர்த்து நிற்பது தனிக்கதை.) ஒருவர் தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டியவர், 46 வயது. கடிதப் பயிற்சியில் ‘ஃப்ரம்’ என்று எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிட்டார். “எந்த விலாசம் சார் போடறது?” எனக்குப் பேச்சு வரவில்லை. என்ன சொல்வது?

குன்னூர் டீச்சர்:
பரீட்சையில் எல்லாப் பிள்ளைகளும் எக்ஸ் எக்ஸ் எக்ஸ் என்றுதானே சார் போடுகிறார்கள்? அதையே சொல்லுங்கள்.

பழைய ஹெச்.எம்.:
35 எடுத்தால் பாஸ். மனப்பாடச் செய்யுளைப் பிடியுங்கள், இலக்கணம் அப்புறம்.

கோத்தகிரிக்காரன்:
டீச்சர், சொன்னேன். சிரித்தார். அப்புறம் ‘டு’ பக்கத்தில் மகள் பெயரை எழுதிவிட்டு, “இதையும் எக்ஸ் ஆக்கணுமா?” என்றார்.